பின்கியர்

இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது
கறகறவென்று ஒரு சத்தம்.
போன பந்தயத்தில் ஏழாம் சுற்றிலிருந்தே அப்படி.
கடைசிக்கு முந்தைய இடத்தில் முடித்தேன்.
கடைசியாக வந்தவருக்கு டயர் வெடித்திருந்தது.

இப்போது பெட்டி என் ஷெட்டில் கிடக்கிறது,
நீடாமங்கலத்தில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்.
பழைய எஸ்டீமின் வயிற்றிலிருந்து
ஜாக்கி கொடுத்து, சைக்கிள் டியூபில் கட்டி
இறக்கிய முப்பத்துச் சொச்சம் கிலோ.
கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் எழுதி முடித்து
ஆறு மணிக்குப் புடவை மாற்றி அதன் முன் உட்காருவேன்.
கேட் போட்டிருந்தால் ஆறரை.

பிரித்த வரிசையிலேயே அடுக்கச் சொல்கிறது புத்தகம்.
அடுக்கினேன், தள்ளுபடியான லெட்ஜர் தாள்களில்,
ஒவ்வொன்றின் கீழும் நகைக்கு எழுதுகிற மாதிரியே எழுதி:
பித்தளை வளையம் ஒன்று.
மூன்றாம் கியருடையது.
சேதாரம் அதிகம்.

புது வளையம் கோயம்புத்தூரிலிருந்து வந்தது
மோதிரப் பெட்டி அளவு டப்பாவில்.
பழையதைக் கூம்பில் வைத்துத் திருகினால் வழுக்கியது.
புதியது கவ்வியது.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்:
வேகமாகச் சுற்றுகிற பல்லையும் மெதுவாகச் சுற்றுகிற பல்லையும்
ஒரு கணம் உரசிச் சமாதானம் செய்வது.
அந்த ஒரு கணத்தை நான்
எத்தனை வளைவுகளில் கொடுக்காமல் இழுத்திருக்கிறேன்
என்பது அதன் உட்புறத்தில் பளபளவென்று தெரிந்தது.

ஷாஃப்ட் ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில்,
மத்தி மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.
பேரிங் வாணலியில், எண்ணெயில், கொஞ்சம் சூடாக.
சுத்தியல் எடுக்கவே இல்லை.
தானாக இறங்கி உட்கார்ந்தது.
கைதட்ட யாருமில்லாததால் நானே தட்டிக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் மழை.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் கூடுதல் என்று
திருப்பி அனுப்பிய பதினோரு மூட்டையை
சகாயமேரி என் ஷெட்டில் கொட்டிப் பரப்பிவிட்டாள்,
காரின் கீழ்வரைக்கும்.
"ரெண்டு நாளுக்கு நீ அந்த மூலையில இருந்துக்கோ."

அந்த மூலையிலிருந்துதான் அது பறந்தது.
கியரை அதன் குழியில் நிறுத்தி வைக்கிற
மிளகை விடக் கொஞ்சம் பெரிய குண்டு.
ஸ்பிரிங்கை விரலால் அமுக்கியிருந்தேன்,
விரலில் கிரீஸ்.
சத்தமே கேட்கவில்லை. நெல்லில் எது விழுந்தாலும் கேட்காது.

பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்தோம்.
சகாயமேரி கயிற்றில் கட்டி இழுத்தாள்,
உழுகிற மாதிரி, சால் சாலாக.
முதலில் ஆணி. இன்னொரு ஆணி.
அறுவடை மெஷினின் போல்ட் ஒன்று.
பாதி பிளேடு.
"இதெல்லாமா சாப்பிடுறாங்க ஊர்ல?" என்றாள்.
"எடையில சேர்த்துத்தான் போட்டிருப்பான்" என்றேன்.
பத்தே முக்காலுக்கு, உமி ஒட்டிக்கொண்டு, குண்டு.

பெட்டியை மூடி, மேலேற்றி, எண்ணெய் ஊற்றி
வண்டியைக் கிளப்பினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து,
எல்லாம் விழுந்தது.
ரிவர்ஸ் விழவில்லை.
மேசையில் வைத்துச் சுற்றிப் பார்த்தபோது
ரிவர்ஸ் போட்டுப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள்.
பந்தயக்காரிக்குப் பின்னால் போகிற ஞாபகமே வருவதில்லை.

வண்டியின் மூக்கோ சுவரைப் பார்த்து நிற்கிறது.
சகாயமேரியும் அவள் மகன் டெல்வினும் நானும்
நெல்லை ஒதுக்கி வழிசெய்து
ரோடு வரை பின்னால் தள்ளினோம்.

விடியற்காலை, மன்னார்குடி சாலை.
இரண்டு. கிளட்ச். மூன்று.
நீர் மதகுக்குள் நுழைகிற மாதிரி.
இன்னொரு தடவை. இன்னொரு தடவை.
பிறகுதான் கவனித்தேன்:
வலப்பக்கம் பாதி ரோடு காய்கிற நெல்,
இடப்பக்கம் கரை தட்டி ஓடும் வாய்க்கால்.
முன்னும் பின்னுமாக ஒடித்துத் திருப்ப
என்னிடம் பின்னே கிடையாது.

மன்னார்குடி வரை போய்
பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வந்தேன்.
டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஊருக்குள் நுழைந்தால் கேட் போட்டிருந்தது.
முன்னால் மினி பஸ், பின்னால் வைக்கோல் டிராக்டர்.
இன்ஜினை அணைத்தேன்.
பந்தயத்துக்குப் பன்னிரண்டு நாள்.
சோதனைத் தாளில் நான்காவது கேள்வியே
பின்கியர் வேலை செய்கிறதா என்பதுதான்.
மறுபடி இறக்க வேண்டும். டியூபைத் தூக்கிப் போடவில்லை, நல்லவேளை.

சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
கிளட்சை மிதித்தபடி கை சும்மா இல்லாமல்
இரண்டு, மூன்று,
இரண்டு, மூன்று.